கடன் கைமாறிய காலம்

குஜராத்தில் கச்சு வளைகுடாக் கரையில் இருக்கிறது முந்த்ரா. அங்கே 4,000 மெகாவாட் அனல்மின் நிலையம் அமைப்பதற்கான ஏலம் 2006 டிசம்பரில் முடிந்தபோது டாடா பவர் நிறுவனம் வென்றது. யூனிட்டுக்குச் சராசரியாக 2 ரூபாய் 26 காசு என்ற விலையில், 25 ஆண்டுகளுக்கு, குஜராத், மகாராஷ்டிரம், ராஜஸ்தான், ஹரியாணா, பஞ்சாப் ஆகிய ஐந்து மாநிலங்களுக்கு மின்சாரம் தருவதாக ஒப்பந்தம். திட்டச் செலவு சுமார் 17,000 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி கடன். நிலக்கரி இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வரும். அந்த நிலக்கரியை உறுதி செய்துகொள்ள 2007இல் அந்நாட்டுச் சுரங்க நிறுவனங்களில் 30 சதவீதப் பங்குகளையும் டாடா பவர் வாங்கிக்கொண்டது. கணக்கில் ஓட்டையே இல்லை என்று தோன்றியது.

2010இல் இந்தோனேசிய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஏற்றுமதியாகும் நிலக்கரியைச் சர்வதேச விலையை ஒட்டித்தான் விற்க வேண்டும், பழைய ஒப்பந்தங்களுக்கும் இது பொருந்தும் என்றது அந்த விதி. முந்த்ராவின் கணக்கு அன்றே உடைந்துவிட்டது. கூடுதல் கட்டணம் கேட்டு நடந்த வழக்கு ஒழுங்குமுறை ஆணையம், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் என்று ஏறி, 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. வெளிநாட்டில் நிலக்கரி விலை ஏறியது ஒப்பந்தத்தைத் திருத்தப் போதுமான காரணம் ஆகாது என்பது தீர்ப்பு. அதன்பின் இரண்டே மாதங்களில், நிலையத்தின் 51 சதவீதப் பங்கை ஒரு ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று மின்சாரம் வாங்கும் மாநிலங்களிடம் டாடா பவர் சொல்ல நேர்ந்தது.

நாட்டின் மிகப் பெரிய மின் நிலையங்களில் ஒன்று. தரமான நிறுவனம். மோசடி ஏதுமில்லை. பிறகு ஏன் இந்த நிலை? 2003 முதல் 2019 வரையிலான இந்தியப் பொருளாதாரத்தின் எழுச்சியையும் தளர்ச்சியையும் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவது உதவும். 2019இல் வளர்ச்சி சரிந்தபோது பலரும் அதற்கு முந்தைய ஓரிரு ஆண்டுகளில் காரணம் தேடினார்கள். பணமதிப்பிழப்பு என்றார்கள், ஜிஎஸ்டி என்றார்கள், உலகச் சந்தை மந்தம் என்றார்கள். அவை ஒவ்வொன்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் வேர் இன்னும் ஆழத்தில், மகிழ்ச்சியாக இருந்த ஆண்டுகளிலேயே இருக்கிறது. செழிப்புக் காலத்தில் வாங்கிய கடன் அடைபடவே இல்லை. அது ஒரு பேரேட்டிலிருந்து இன்னொரு பேரேட்டுக்கு மாறிக்கொண்டே வந்தது. முதலில் நிறுவனங்கள், பிறகு பொதுத்துறை வங்கிகள், அதன்பின் வங்கிசாரா நிதி நிறுவனங்கள், கடைசியாகச் சாதாரணக் குடும்பங்கள். ஒவ்வொரு முறை கைமாறியபோதும் ஒரு சிக்கல் தீர்ந்ததாகச் சொல்லப்பட்டது.

சுதந்திரத்துக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் இந்தியா ஆண்டுக்குச் சுமார் 3.5 சதவீதம் வளர்ந்தது. 1980களில் அது ஐந்தரை சதவீதத்தை ஒட்டி உயர்ந்தது. 1991இல் அந்நியச் செலாவணி இரண்டு வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை வந்து, ரிசர்வ் வங்கியின் தங்கம் வெளிநாட்டில் அடகு வைக்கப்பட்டதும், அவ்வாண்டு ஜூலை பட்ஜெட்டில் மன்மோகன் சிங் பாதையை மாற்றியதும் பலமுறை எழுதப்பட்டவை. 2003-04 முதல் 2007-08 வரையிலான ஐந்து ஆண்டுகள் இவற்றிலிருந்து வேறுபட்டவை. பழைய கணக்கீட்டுத் தொடரின்படி, அந்தக் காலத்தின் சராசரி வளர்ச்சி 9 சதவீதத்தை ஒட்டியிருந்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் முதலீட்டின் பங்கு 2007-08இல் 38 சதவீதம் வரை சென்றது. கிழக்காசிய நாடுகளுக்கு மட்டுமே உரியது என்று கருதப்பட்ட விகிதம் அது.

அந்த எழுச்சி வெறும் காகிதக் கணக்கு அன்று. சாலைகளும் துறைமுகங்களும் விமான நிலையங்களும் கட்டப்பட்டன. கட்டடத் தொழிலில் வேலை செய்தவர்களின் எண்ணிக்கை 2004-05க்கும் 2011-12க்கும் இடையில் ஏறத்தாழ இருமடங்கானது. வேளாண்மையில் உழைப்போரின் எண்ணிக்கை, விகிதத்தில் மட்டுமல்லாமல் தலைக்கணக்கிலேயே குறைந்தது அந்த ஆண்டுகளில்தான். ஆள் கிடைப்பது அரிதானபோது கூலி ஏறியது. நூறு நாள் வேலைத் திட்டமும் கீழே ஒரு தாங்கு கொடுத்தது. நிலமற்ற ஒருவர் சாரத்தில் ஏறிச் சம்பாதித்து ஊருக்குப் பணம் அனுப்ப முடிந்தது. அந்தக் காலத்தை விமர்சிப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. அடுத்த பத்தாண்டில் நாம் இழந்தது என்ன என்பதை அளக்க இதுதான் அளவுகோல்.

ஆனால் அந்தக் கட்டுமானத்துக்கான பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வங்கிகளிலிருந்து. 2004-05க்கும் 2008-09க்கும் இடையில் உணவுக்கடன் நீங்கலான வங்கிக் கடன் இருமடங்கானது. முப்பது ஆண்டு ஓடவேண்டிய மின் நிலையத்துக்கும் சுங்கச்சாலைக்கும், சில ஆண்டு வைப்புத்தொகையை வாங்கிக் கடன் கொடுக்கும் வங்கிகளே பணம் கொடுத்தன. நீண்ட காலத் திட்டங்களுக்காகவே தொடங்கப்பட்ட வளர்ச்சி நிதி நிறுவனங்களான ஐசிஐசிஐயும் ஐடிபிஐயும் அதற்குள் சாதாரண வங்கிகளாக மாறிவிட்டிருந்தன. அவற்றின் இடத்தில் வேறெதுவும் வைக்கப்படவில்லை. கொள்கையில் நடந்த பெரிய தவறுகளில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன். ஆனாலும் இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை.

எல்லாத் திட்டங்களும் ஒரே அனுமானத்தின் மேல் நின்றன. தேவை 9 சதவீத வேகத்தில் கூடும், வட்டி தாழ்வாகவே இருக்கும், ரூபாயின் மதிப்பு அசையாது, நிலக்கரியும் எரிவாயுவும் வந்துகொண்டிருக்கும் என்பதே அந்த அனுமானம். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாமே பொய்த்தன. விலைவாசியைக் கட்டுப்படுத்த 2010 மார்ச் முதல் 2011 அக்டோபர் வரை ரிசர்வ் வங்கி 13 முறை ரெப்போ வட்டியை ஏற்றியது; 4.75 சதவீதம் 8.5 ஆனது. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் எரிவாயு உற்பத்தி 2010இல் உச்சம் தொட்டுவிட்டுச் சரிந்தது. அதை நம்பிக் கட்டிய நிலையங்கள் உட்பட 14,000 மெகாவாட் அளவுக்கு எரிவாயு மின் நிலையங்கள் எரிபொருளின்றிக் கிடந்தன. 2012 பிப்ரவரியில் 122 அலைக்கற்றை உரிமங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2014 செப்டம்பரில் 204 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. அந்த ஒதுக்கீடுகள் முறையற்றவை என்பதில் ஐயமில்லை. அவற்றைக் காட்டி வாங்கிய கடன் மட்டும் ரத்தாகவில்லை.

2013 மே மாதத்தில், அமெரிக்க மைய வங்கி தன் பணவெள்ளத்தைக் குறைக்கப்போவதாகச் சொன்னதும் உலகம் இந்தியாவை அச்சத்துடன் பார்த்தது. நடப்புக் கணக்குப் பற்றாக்குறை அதற்கு முந்தைய நிதியாண்டில் உற்பத்தியில் 4.8 சதவீதம். ஆகஸ்ட் இறுதியில் ஒரு டாலருக்கு 68 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டில் டாலரில் கடன் வாங்கிய நிறுவனங்களின் சுமை ஒரே கோடையில் கூடியது. மறு ஆண்டு கச்சா எண்ணெய் விலை சரியத் தொடங்கியது. 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்தது 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே வந்தது. எண்ணெயில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இது வானத்திலிருந்து விழுந்த வரவு. அரசின் பற்றாக்குறை குறைந்தது, விலைவாசி அடங்கியது, ரூபாய் நிலைத்தது. உள்ளே கடன் அழுகிக்கொண்டிருப்பதை இந்த வரவு சில ஆண்டுகள் மறைத்தது.

வங்கிகள் தங்கள் பங்குக்கு அதை மறைத்தன. தவணை கட்ட முடியாத நிறுவனத்துக்கு, வட்டி கட்டுவதற்கென்றே புதுக் கடன் கொடுப்பது வழக்கமானது. திரும்பச் செலுத்தும் காலத்தை நீட்டி, மறுசீரமைப்பு என்று பெயரிட்டு, கடனை நல்ல கடன் பட்டியலிலேயே வைத்திருக்க 2015 மார்ச் வரை விதிகளில் இடம் இருந்தது. பத்துப் பெரும் தொழில் குழுமங்களின் கடன் மட்டுமே மொத்த வங்கிக் கடனில் சுமார் 13 சதவீதம் என்று 2012இலேயே கிரெடிட் சூயிஸ் ஆய்வாளர்கள் எச்சரித்திருந்தார்கள். ரகுராம் ராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கி 2015-16இல் வங்கிகளின் ஏடுகளைத் தானே திறந்து பார்த்தது. 2015 மார்ச்சில் 4 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்த வாராக்கடன் விகிதம் 2018 மார்ச்சில் 11 சதவீதத்துக்கு மேல் போனது. மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கெட்டுப்போன கடன் அல்ல அது. பழைய நோய்க்குப் பெயர் சூட்டப்பட்டது, அவ்வளவுதான்.

அந்தச் சோதனைதான் வளர்ச்சியைக் கெடுத்தது என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தொழில்துறைக்கான வங்கிக் கடன் வளர்ச்சி அதற்கு முன்பே தேய்ந்துகொண்டிருந்தது. கடனில் மூழ்கியவர் புதிதாக ஆலை கட்டமாட்டார், மூலதனம் கரைந்த வங்கி புதிதாகக் கடன் கொடுக்காது. சோதனை தாமதமாக வந்தது என்பதுதான் குறை. 2011-12இலேயே ஏடுகளைத் திறந்திருந்தால் இழப்பு இதில் ஒரு பகுதியாகவே இருந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு புதிர் எழுகிறது. முதலீடு படுத்துவிட்டது, ஏற்றுமதி தேங்கிவிட்டது, வங்கிகள் முடங்கிவிட்டன. ஆனால் அதே ஆண்டுகளில் அரசு வெளியிட்ட வளர்ச்சி விகிதம் 7, 8 சதவீதம். இது எப்படி?

2015 ஜனவரியில் நாட்டின் உற்பத்திக் கணக்கு 2011-12ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு புதிய முறைக்கு மாறியது. நிறுவனங்கள் அரசுக்குத் தாக்கல் செய்யும் ஆண்டறிக்கைகள் பெரிய அளவில் பயன்படுத்தப்பட்டன. இதில் பல நன்மைகள் உண்டு. குறை, விலையைக் கழிக்கும் விதத்தில் இருந்தது. ஓர் ஆலை 60 ரூபாய்க்கு மூலப்பொருள் வாங்கி 100 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம்; அது கூட்டிய மதிப்பு 40 ரூபாய். எண்ணெய் விலை இறங்கியதால் மூலப்பொருள் 50 ரூபாயாகிறது. விற்பனை விலையும் அளவும் அப்படியே இருக்கின்றன. இப்போது கூட்டிய மதிப்பு 50 ரூபாய். ஆலையிலிருந்து கூடுதலாக ஒரு பொருள்கூட வெளிவரவில்லை. ஆனால் மூலப்பொருளின் விலை மாற்றத்தைத் தனியாகக் கழிக்காத கணக்கில் இது 25 சதவீத வளர்ச்சியாகப் பதிவாகும். எண்ணெய் விலை சரிந்த ஆண்டுகளில் உற்பத்தித் துறையின் வளர்ச்சி ஊதிப்பெருத்துத் தெரிந்ததற்கு இது ஒரு காரணம். தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்து விலகிய அரவிந்த் சுப்பிரமணியன், 2011-12 முதல் 2016-17 வரையிலான உண்மை வளர்ச்சி அரசு சொன்ன சுமார் 7 சதவீதம் அல்ல, நாலரை சதவீதத்தை ஒட்டியதே என்று 2019இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அரசு அதை மறுத்தது. அவர் சொன்ன எண்ணை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் மின்நுகர்வு, வாகன விற்பனை, கடன், ஏற்றுமதி, இறக்குமதி எனச் சுற்றியுள்ள எதுவும் 7 சதவீத வளர்ச்சிக்குச் சாட்சி சொல்லவில்லை என்ற அவரது அடிப்படைக் கேள்வி இன்றும் நிற்கிறது.

இரண்டாவது குறை இதைவிடத் தீவிரமானது. இந்தியத் தொழிலாளர்களில் பெரும்பான்மையினர் வேலை செய்யும் முறைசாராத் துறையை அந்தக் காலத்தில் ஆண்டுதோறும் நேரில் அளக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்த கணக்கெடுப்பை வைத்துக்கொண்டு, இடைப்பட்ட ஆண்டுகளில் முறைசார்ந்த நிறுவனங்களின் போக்கையே பெருமளவு அதற்கும் பொருத்தினார்கள். இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கும் காலத்தில் இது பாதகமில்லை. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடித்து வளரும்போது கணக்கு தலைகீழாகிவிடும். பெரிய நிறுவனத்தின் விற்பனை கூடினால், அதனால் மூடப்பட்ட சின்னப் பட்டறையும் வளர்ந்ததாகவே பதிவாகும்.

2016 நவம்பர் 8 அன்று நடந்தது அதுதான். புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் ஒரே இரவில் செல்லாதாயிற்று. சனிக்கிழமை தோறும் ரொக்கமாகக் கூலி கொடுக்கும் திருப்பூரின் சிறு பனியன் யூனிட்டுகளுக்கும், ரொக்கத்தில் மட்டுமே சரக்கு நகரும் காய்கறி மண்டிகளுக்கும், மீன் ஏலக்கூடங்களுக்கும் அது ரத்த ஓட்டம் நின்றதற்குச் சமம். செல்லாததாக்கப்பட்ட 15.41 லட்சம் கோடி ரூபாயில் 99.3 சதவீதம் வங்கிகளுக்குத் திரும்பி வந்துவிட்டதை 2018 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிவித்தது. கறுப்புப் பணம் வெளியேறவில்லை. சிறு தொழில் வெளியேறியது. எட்டு மாதங்களில் ஜிஎஸ்டி வந்தது. அதன் நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஜாப் ஒர்க் செய்யும் சின்ன யூனிட்டுக்காரர் கணக்கர் வைத்து மாதாமாதம் ரிட்டர்ன் போடவேண்டிய நிலையும், உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்கும் என்பதால் பதிவு பெற்ற பெரியவரிடமே வாங்குவோம் என்று வாங்குபவர் நகர்ந்ததும் சேர்ந்து அவரை நெருக்கின.

அந்த 2016-17ஆம் ஆண்டுக்கான வளர்ச்சி முதலில் 7.1 சதவீதம் என்றார்கள். பின்னர் திருத்திய கணக்கில் அது 8 சதவீதத்தைத் தாண்டியது. அதாவது, அரசுப் பதிவேட்டின்படி, பணம் செல்லாமல் போன ஆண்டுதான் அந்தப் பத்தாண்டின் மிக வேகமான ஆண்டு. ஏடிஎம் வாசலில் நாள் முழுக்க நின்றவர்கள் கண்ட ஆண்டு அதுவல்ல.

வேலை பற்றிய கணக்கும் இதே நேரத்தில் மறைக்கப்பட்டது. 2017-18இல் வேலையின்மை 6.1 சதவீதம் என்று கண்டறிந்த ஆய்வறிக்கை வெளியிடப்படாமல் வைக்கப்பட்டதைக் கண்டித்து, தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் தற்காலிகத் தலைவர் பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் 2019 ஜனவரியில் பதவி விலகினார்கள். தேர்தல் முடிந்தபின் மே இறுதியில்தான் அறிக்கை வந்தது. 2017-18 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு, தரம் சரியில்லை என்று அரசால் கைவிடப்பட்டது. ஊடகத்தில் கசிந்த அதன் முடிவுகள், தலைக்கு ஆகும் நுகர்வு ஆறு ஆண்டுகளில் குறைந்திருப்பதாகக் காட்டின. நோயாளியின் உடல்வெப்பம் ஏறுகிறது என்பதற்காக வெப்பமானியை எடுத்து வைத்துவிட்டால், மருந்தும் தவறாகத்தான் போகும். அப்படித்தான் போனது.

பணமதிப்பிழப்பால் வங்கிகளில் குவிந்த வைப்புத்தொகை வேறொரு வழி கண்டது. வட்டி குறைந்ததும் சேமிப்பவர்கள் மியூச்சுவல் ஃபண்டுகளுக்குப் போனார்கள்; ஃபண்டுகள் வங்கிசாரா நிதி நிறுவனங்களின் குறுகிய காலப் பத்திரங்களை வாங்கின; அந்த நிறுவனங்கள் வீடு கட்டுவோருக்கும் லாரி வாங்குவோருக்கும் கடை நடத்துவோருக்கும் கடன் கொடுத்தன. வங்கிகள் விட்ட இடத்தை இவை நிரப்பின. 2017-18இல் வளர்ச்சி தாக்குப்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். கடன் மூன்றாவது பேரேட்டுக்கு மாறியிருந்தது.

இந்த வங்கிசாரா நிறுவனங்களில் ஒன்றான ஐஎல் அண்ட் எஃப்எஸ் 1987இல் தொடங்கப்பட்டது. எல்ஐசியும் ஸ்டேட் வங்கியும் அதன் பங்குதாரர்கள். அதன் குழுமத்தில் 300க்கு மேற்பட்ட நிறுவனங்கள். ஜம்மு-காஷ்மீரின் செனானி-நாஷ்ரி சுரங்கச்சாலை, கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டை அருகே 1,200 மெகாவாட் அனல்மின் நிலையம், திருப்பூருக்குப் பவானி ஆற்று நீர் கொண்டுவரும் திட்டம் எல்லாம் அதன் கை பட்டவை. கடன் 90,000 கோடி ரூபாய்க்கு மேல். சில மாதங்களில் திருப்பித் தரவேண்டிய பணத்தை வாங்கி, பல ஆண்டுகளுக்குப் பின் வருமானம் தரும் சாலைகளில் போட்டிருந்தது. 2018 ஆகஸ்ட் வரை அதற்கு ஏஏஏ தரச்சான்று இருந்தது. செப்டம்பரில் தவணை தவறியது. அக்டோபர் 1 அன்று அரசு அதன் இயக்குநர் குழுவைக் கலைத்தது. ஏஏஏ வாங்கியதே கவிழும் என்றால் யாரை நம்புவது என்று சந்தை பயந்தது. வங்கிசாரா நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் பணம் வரும் வழி ஒரே நேரத்தில் இறுகியது. அடுத்த ஆண்டு வீட்டுக்கடன் நிறுவனமான டிஎச்எஃப்எல் விழுந்தது.

லாரித் தொழிலில் இதன் விளைவை அப்படியே பார்க்கலாம். லாரி ஃபைனான்ஸ் என்பது சென்னையில் வேர்விட்டு நாடெங்கும் பரவிய தொழில். நாமக்கல்லில் ஒற்றை வண்டி வைத்திருப்பவரும் அதை நம்பித்தான் இரண்டாவது வண்டி வாங்குவார். அந்தக் கடன் 2018 இறுதியில் இறுகியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், ஜூலையில், லாரிகள் ஏற்றக்கூடிய சட்டப்பூர்வ எடையை மத்திய அரசு சுமார் 20 முதல் 25 சதவீதம் உயர்த்தியிருந்தது. இருக்கிற வண்டியே கூடுதல் பாரம் ஏற்றலாம் என்றால் புது வண்டி எதற்கு? சரக்கும் குறைவு, கடனும் இல்லை, புது வண்டிக்குத் தேவையும் இல்லை. 2019 செப்டம்பரில் அசோக் லேலண்ட் எண்ணூர் ஆலையில் 16 நாட்கள், ஓசூரில் 5 நாட்கள் உற்பத்தி இல்லை என்று அறிவித்தது. அதற்கு முந்தைய மாதத்தில் நாடெங்கும் பயணியர் வாகன விற்பனை 31 சதவீதத்துக்கு மேல் வீழ்ந்திருந்தது. அம்பத்தூரிலும் ஓசூரிலும் இந்த ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகளில் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்த வேலையிழப்புக் கணக்கிலும் வரவில்லை.

அதே ஆகஸ்டில் பார்லே நிறுவனம், ஐந்து ரூபாய் பிஸ்கட்டின் விற்பனை குறைந்துவருகிறது, இப்படியே போனால் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குறைக்க வேண்டிவரும் என்றது. கார் விற்காததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். ஐந்து ரூபாய் பிஸ்கட் விற்காவிட்டால் காரணம் ஒன்றுதான்: வாங்குபவர் கையில் காசு இல்லை. ரிசர்வ் வங்கியின் கூலிப் புள்ளிவிவரங்களைக் கொண்டு பொருளியலாளர் ழான் திரேஸ் செய்த கணக்கின்படி, 2014-15க்கும் 2021-22க்கும் இடையில் விலைவாசி நீக்கிய உண்மைக் கூலி, விவசாயத் தொழிலாளர்களுக்கும் கட்டடத் தொழிலாளர்களுக்கும் ஆண்டுக்கு ஒரு சதவீதம்கூட உயரவில்லை. நாட்டின் உற்பத்தி பல மடங்கு வேகத்தில் வளர்ந்ததாகச் சொல்லப்பட்ட ஆண்டுகள் இவை.

2019 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் வளர்ச்சி 5 சதவீதம் என்று வந்தபோது அரசு அதிர்ந்தது. அதன் பதில் செப்டம்பர் 20 அன்று வந்தது. நிறுவன வருமான வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைந்தது. புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதம். ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு. ரிசர்வ் வங்கியும் அந்த ஆண்டு ரெப்போ வட்டியை மொத்தம் 1.35 சதவீதப் புள்ளி குறைத்திருந்தது. இரண்டும் பொருட்களை வழங்கும் பக்கத்துக்கான மருந்து. வாங்குவாரில்லாமல் இயந்திரங்கள் பாதி நேரம் சும்மா நிற்கும் ஆலைக்கு வரிச்சலுகை கொடுத்தால், முதலாளி அந்தப் பணத்தில் கடனை அடைப்பார் அல்லது லாபத்தைக் கூட்டுவார். இன்னொரு ஆலை கட்டமாட்டார். அவ்வாறே நடந்தது. அந்தத் தொகையில் பாதியைக் கிராமப்புறக் கூலிக்கும் சிறு தொழிலுக்கும் திருப்பியிருந்தால் பிஸ்கட்டும் விற்றிருக்கும், இருசக்கர வாகனமும் விற்றிருக்கும் என்பது என் துணிபு. 2019-20இன் வளர்ச்சி, திருத்திய கணக்கில், 4 சதவீதத்துக்கும் சற்றுக் கீழே முடிந்தது. கொரோனா தாக்கியது அதன்பிறகு.

பொதுமுடக்கத்தில் 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டின் உற்பத்தி ஏறத்தாழ 24 சதவீதம் சரிந்ததையும், நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்ததையும் இங்கே விரிக்கவில்லை. கவனிக்க வேண்டியது, ஊர் திரும்பியவர்களில் பலர் மீண்டும் நகரத்தின் தொழில்களுக்குள் வரவில்லை என்பதை. வேளாண்மையில் உழைப்போரின் பங்கு 2018-19இல் 42.5 சதவீதம், 2023-24இல் 46.1 சதவீதம். வேகமாக வளரும் ஒரு நாட்டில் நடக்கவே கூடாத திசைமாற்றம் இது. பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 2017-18இல் 23 சதவீதமாக இருந்தது 2023-24இல் 41 சதவீதத்தைத் தாண்டியதைச் சாதனை என்கிறார்கள். அந்தக் கூடுதலில் பெரும்பகுதி சொந்த வயலிலும் வீட்டுத் தொழிலிலும் செய்யும் வேலை. அதில் கணிசமானது கூலியே இல்லாத வேலை. 2014இல் அறிவித்தபடி 2022க்குள் 25 சதவீதமாகியிருக்க வேண்டிய உற்பத்தித் துறையின் பங்கு 17 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது.

மேலே உள்ள பேரேடுகள் இப்போது சுத்தம். 2016இன் திவால் சட்டத்தின்கீழ் பூஷண் ஸ்டீல் டாடா ஸ்டீலுக்கும், எஸ்ஸார் ஸ்டீல் ஆர்சலர்மிட்டலுக்கும் போயின. கடன் கொடுத்தவர்களுக்கு, தீர்வு கண்ட வழக்குகளில், கோரிய தொகையில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு அளவே திரும்பியது. அரசு வரிப்பணத்திலிருந்து வங்கிகளுக்கு மூலதனம் கொடுத்தது. 2021-22 வரையிலான ஐந்தாண்டுகளில் வங்கிகள் ஏட்டிலிருந்து நீக்கிய கடன் சுமார் 10 லட்சம் கோடி ரூபாய். வாராக்கடன் விகிதம் 2024 மார்ச்சில் 2.8 சதவீதத்துக்கு இறங்கியது. 2023-24இல் பெரிய நிறுவனங்களின் லாபம் பதினைந்து ஆண்டுகளில் காணாத உயரம் தொட்டது. அதே ஆண்டில் அவற்றின் லாபம் 22 சதவீதம் கூடியபோது ஆட்கள் கூடியது ஒன்றரை சதவீதம்தான் என்று அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே கவலைப்பட்டது.

ஆனால் கடன் போய்விடவில்லை. கூலி ஏறாத வீடு, செலவைச் சமாளிக்கக் கடன் வாங்கியது. குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2022-23இல் நாட்டின் உற்பத்தியில் 5 சதவீதத்தை ஒட்டிச் சரிந்தது. பல பத்தாண்டுகளில் இல்லாத தாழ்வு. பெரிய நிறுவனங்களிடம் சூடுபட்ட வங்கிகள் தனிநபர் கடனுக்கும் கிரெடிட் கார்டுக்கும் நகைக்கடனுக்கும் திரும்பின. 2023 நவம்பரில் ஈடில்லாத நுகர்வுக் கடன்களுக்குக் கூடுதல் மூலதனம் வைக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி கடிவாளம் போட்டது. மிகக் கீழே, மகளிர் குழுக்கள் வழியாகத் தரப்படும் நுண்கடன். பிகாரும் தமிழ்நாடும்தான் நாட்டில் மிக அதிக நுண்கடன் நிலுவை உள்ள மாநிலங்கள். ஒரு வாரத் தவணையைக் கட்ட இன்னொரு நிறுவனத்திடம் கடன் வாங்குவது நம் ஊர்ப் பெண்களுக்குப் பழகிப்போன ஒன்று. பெரிய நிறுவனங்களும் பொதுத்துறை வங்கிகளும் பத்தாண்டுகள் செய்ததும் இதையேதான். 2024இல் இந்தக் கடன்கள் தவறத் தொடங்கின. வீட்டு வாசலில் வந்து மிரட்டும் வசூலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடும் கர்நாடகமும் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

மிரட்டலைத் தடுப்பது அவசியம். ஆனால் கட்ட முடியாத கடனை என்ன செய்வது என்பதற்கு அந்தச் சட்டங்களில் விடையில்லை. விடை 2016இன் திவால் சட்டத்துக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் மூன்றாம் பாகத்தில் உள்ள ஓர் அத்தியாயம், ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேற்படாத, 35,000 ரூபாய்க்குள் கடன் உள்ள, சொந்த வீடில்லாத ஏழை ஒருவர் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்துக் கடனிலிருந்து விடுபட்டுப் புதிதாகத் தொடங்க வழி செய்கிறது. எஃகு ஆலைகளுக்கான பாகம் சட்டம் வந்த சில மாதங்களிலேயே நடைமுறைக்கு வந்து, ஆயிரக்கணக்கான கோடிகளைத் தள்ளுபடி செய்து, அவற்றுக்கு மறுவாழ்வு கொடுத்துவிட்டது. ஏழைகளுக்கான அந்த அத்தியாயம் இன்னும் அறிவிக்கை செய்யப்படவில்லை. வரம்புகளை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தவும், மாவட்டம்தோறும் எளிதில் போய்ச் சேரக்கூடிய அமைப்பு ஒன்றை நிறுவவும் சட்டத்தில் திருத்தம் வேண்டும். ஆனால் எழுதி வைத்திருப்பதை நடைமுறைக்குக் கொண்டுவர மத்திய அரசுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை; ஓர் அறிவிக்கை போதும்.